இலையில்லாத காடு

மதிய வெயில் கண்ணாடிக் கதவு வழியாக நுழைந்து, பழுதுபார்ப்பவரின் மேசையில் பிரித்துக் கிடக்கும் லேப்டாப்பின் வயிற்றில் விழுகிறது. பக்கத்தில், செங்கல் கனத்தில், இரண்டு விசிறி வைத்த கிராபிக்ஸ் கார்டு. அதைப் பேரம் பேசி வாங்கிவந்த லாரி ஓட்டுநர் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்போல் நிற்கிறார். “யானை அம்பாரியை ஆட்டுக்குட்டி முதுகுல கட்டச் சொல்றீங்களேண்ணே! இது மேசைக் கம்ப்யூட்டருக்கு. லேப்டாப்ல சிப்பை போர்டோட சேர்த்து ஈயத்தால பத்தவச்சிருக்கான், மாத்தவே முடியாது.” “வித்தவன் பாதி விலைக்கு இறங்கினப்பவே யோசிச்சிருக்கணும்” என்கிற ஓட்டுநரின் சிரிப்பு மீசையோடு நின்றுவிடுகிறது. கடல் தாண்டிப் படிக்கும் மகள் வாராவாரம் இந்த லேப்டாப்பில் ஓடும் விளையாட்டின் காட்டில்தான் அவரைச் சந்திக்கிறாள். போனில் ‘சாப்டியாப்பா’வுக்கு மேல் பேச்சு நகராத இருவரும் இங்கே சேர்ந்து ஓடுவார்கள். விளையாட்டு புதுப்பிக்கப்பட்டதிலிருந்து லேப்டாப் திணறுகிறது; அவள் திரையில் உறைந்து நிற்கிறாள். மறுபடி பார்த்தால் எங்கோ போயிருக்கிறாள். இன்றைக்கு அவள் வரும் நேரம் இது. “விளையாட்டுல படத்தோட அலங்காரத்தையெல்லாம் குறைச்சுப் பாக்கறேன். ஆனா முகம் தெரியாதுண்ணே.” “ஓடுறது தெரிஞ்சாப் போதும், தம்பி.” லேப்டாப்பை மூடித் திருகாணிகளை முடுக்கி, உயிர் கொடுத்து, பழுதுபார்ப்பவர் ஒவ்வொன்றாகக் குறைக்கிறார். மரங்கள் இலைகளை இழக்கின்றன, வானம் மேகங்களைக் கைவிடுகிறது, ஆறு நீலத் தகடாகிறது. அந்த மொட்டைக் காட்டில் முகமில்லாத ஓர் உருவம் பாறைக்குப் பாறை தாவி வருகிறது, தடங்கலே இல்லாமல். “இவங்களா?” “அவதான். சும்மா நடக்கத் தெரியாது அவளுக்கு.” ஓட்டுநர் ஒற்றை விரலால் விசையைத் தட்டித் தட்டித் தன் உருவத்தை அதனருகே கொண்டுபோய் நிறுத்துகிறார். இரண்டு உருவங்களும் ஒட்டி நிற்கின்றன. இன்னும் இடைவெளி இருப்பதுபோல், அவர் மறுபடியும் அழுத்துகிறார்.