ஏழு மணிக்கு மேல்

“எனக்கு வேண்டாங்க” என்று முருகானந்தம் தட்டைத் தள்ளி வைத்ததும், உறையூரில் அந்த வீட்டுக் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

மகன் செந்தமிழனுக்குப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். பெண் இளவேனில், அவனோடு வேலை பார்ப்பவள். இருவரும் எப்போதோ மனம் ஒத்துவிட்டார்கள். பெரியவர்கள் சம்மதம்தான் பாக்கி.

பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காவிட்டால் மறுப்பு. இரண்டு குடும்பத்திலும் அதுதான் வழக்கம். மூத்தவர் எடுக்காமல் மற்றவர்களும் எடுக்க முடியாது.

தட்டில் கேசரி நெய்யில் மினுங்கியது. பக்கத்தில் நான்கு வாழைக்காய் பஜ்ஜி, ஆவி பறந்தபடி.

முருகானந்தத்துக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. வீட்டையும் பிடித்திருந்தது. பஜ்ஜியை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பிடித்திருந்தது.

ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி, காவிரிப் பாலத்து நெரிசலில் மாட்டி, வந்து சேரும்போதே மணி ஏழே கால். பட்டினி, கொள்ளுக்கஞ்சி, பேலியோ என்று மூன்று முறை தோற்ற பிறகு, மனைவி வேணி அவருக்கு ஒரு எளிய முறை வகுத்துக் கொடுத்திருந்தாள். வீட்டுச் சாப்பாடுதான், அளவில் பாதி, ஏழு மணிக்கு மேல் ஒன்றும் கிடையாது. ஏழு மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தது. ஒரு நாள்கூட அவர் தவறியதில்லை.

இதை வெளியில் சொல்லவும் மனம் வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என்ன வியாதியோ என்று நாளைக்கே பேச்சு கிளம்பும். குடும்பத்தின் பெயர் என்ன ஆவது?

“ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க” என்றார் பெண்ணின் அப்பா அன்புச்செல்வன். 

“இருக்கட்டுங்க.”

“கேசரியாவது?”

“தண்ணி போதும்.”

அன்புச்செல்வனின் முகம் வாடிப்போனது. கழுத்துப் பட்டன் போட்டிருந்தும் அவர் சட்டைக் காலர் இரண்டு விரல் விலகித் தொங்கியது. கல்யாணக் கவலையில் மனிதர் பாதியாகிவிட்டாரே என்று முருகானந்தத்தின் நெஞ்சு கனத்தது.

“எடுங்களேன், நானே சொல்றேன்ல” என்று வேணி கிசுகிசுத்தாள்.

“இன்னைக்குப் பஜ்ஜின்னா நாளைக்குப் பரோட்டா. என்னை எனக்குத் தெரியும்.”

“அப்பா, உங்க இடுப்பு குறையறதுக்காக என்னைச் சாமியாராக்கிடாதீங்க” என்றான் செந்தமிழன், மறுபக்கத்துக் காதில்.

அன்புச்செல்வன் எழுந்தார்.

“கொஞ்சம் வாசல் வரைக்கும் வர்றீங்களா? தனியா ஒரு வார்த்தை பேசணும்.”

உள்ளறையில் இளவேனிலின் வளையல் சத்தம் நின்றது. செந்தமிழன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

வாசலில் முருகானந்தம் நிமிர்ந்து நின்றார். பெண்ணைப் பெற்றவரைத் தலைகுனிய வைத்த பழி தன் வீட்டுக்கு வர வேண்டாம். ரகசியம் போனால் போகட்டும் என்று முடிவு செய்தார்.

“தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வர நாங்கதான் குடுத்து வச்சிருக்கணும். நான் டயட்ல இருக்கேன், அதான் கை நனைக்கல. சம்பந்தத்துல எங்களுக்கு முழுச் சம்மதம்.”

அன்புச்செல்வன் மனைவி இருந்த சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு முருகானந்தத்தின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தம் கிடக்கட்டுங்க. அஞ்சு மாசமா நானும் டயட்டு, நீங்க எடுத்தாத்தான் எனக்கும் ஒரு பஜ்ஜின்னு சொல்லிட்டா அவ.”