உம்மணாமூஞ்சி ஃபில்டர்

சூளைக்குச் செம்மண் சுமக்கும் லாரியின் இன்ஜினுக்கு மேடு ஏறினாலே மூச்சு முட்டியது. "எல்லாம் உன்னாலதான்டா!" என்று ஏர் ஃபில்டரைக் கரித்துக் கொட்டியது. ஃபில்டர் வாயே திறக்கவில்லை.

ஒருநாள் ஃபில்டரை மாற்ற லாரியை ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். மெக்கானிக் பழையதைக் கழற்றி டயரில் தட்டினார். பொலபொலவென்று செம்மண் கொட்டியது. இன்ஜினுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடப்பாவி, இத்தனையும் எனக்கு வந்த மண்ணா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"வாயைத் திறந்தா உனக்குள்ள போயிருமேண்ணே" என்றது ஃபில்டர்.

மேசையில் இரண்டு புது ஃபில்டர்கள் இருந்தன. "என்னைப் போடுங்க! காத்தை அப்படியே அள்ளி விடுவேன், எதையும் தடுக்க மாட்டேன்" என்று ஒன்று துள்ளியது. இன்னொன்று உம்மென்று உட்கார்ந்திருந்தது.

இன்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அந்த உம்மணாமூஞ்சியையே போடுங்கப்பா. எங்க தம்பி சாடை அதுக்குத்தான் இருக்கு."