எது வாக்கிங்?

"இது அக்கிரமம் சார்!"

செக்‌ஷன் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேனேஜரின் மேஜைமேல் டொக்கென்று வைத்தார்.

அலுவலகத்தில் ஒரு மாதமாக நடைப்போட்டி. எல்லோருடைய உடம்பையும் தேற்றத் தலைமையகம் கண்டுபிடித்த வழி. ஆளுக்கொரு கைப்பட்டை, அது காலடிகளை எண்ணும். முதலில் வருபவருக்குச் சம்பளத்தோடு ஒரு வார விடுப்பு. சுற்றறிக்கையில் 'ஊழியர் அனைவரும்' என்று இருந்ததால், அட்டெண்டர் அக்கா கையிலும் ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

அக்காவின் பட்டை ஆறு லட்சம் காட்டியது. அடுத்தது மேனேஜர், மூன்று லட்சம்.

இன்று காலை பலகையில் ஒட்டிய பட்டியலில் மேனேஜர்தான் முதல். அக்காவின் பெயரே இல்லை.

"கோபப்படாதீங்க மேடம். கமிட்டி கூடிப் பேசித்தான் முடிவெடுத்தோம். வாக்கிங்னா என்ன? நாமளா இஷ்டப்பட்டு நடக்கறது. அவங்க நடந்தது வேலை. பெல் அடிச்சா வர்றது, ஃபைல் தூக்கிட்டுப் போறது... அதை எப்படிச் சேர்க்கறது?"

"நீங்க தினம் காலையில நாயைக் கூட்டிட்டுப் போறீங்களே, அது என்ன?"

"அது வாக்கிங்."

"நாய் இழுக்குது, நீங்க பின்னாடி போறீங்க. உங்களுக்கு நாய் பெல் அடிக்குது. அவ்வளவுதானே சார் வித்தியாசம்?"

பக்கத்தில் இருந்த கேஷியர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மேடம் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க போன் பேசிக்கிட்டே மொட்டை மாடியைச் சுத்தினா அது வாக்கிங். ஸ்டோர்ஸ்காரர் மெஷின் மேல நின்ன இடத்துலயே ஓடினா அதுவும் வாக்கிங். மூணு மாடி ஏறி உங்களுக்கு டீ கொண்டு வந்தா மட்டும் கணக்குல வராதா? அவங்க கால் என்ன மரக்கட்டையா?"

"மேடம், விதின்னு ஒண்ணு..."

"அவங்க பொண்ணுக்கு அடுத்த வாரம் பிரசவம் சார். கூட இருக்க வேற நாதி இல்லை. லீவெல்லாம் தீர்ந்து போச்சு. இந்த ஒரு வாரம் கிடைக்கும்னு மூட்டு வலியோட நடந்திருக்காங்க. முடியாதுன்னு சொல்லுங்க, இப்பவே தலைமையகத்துக்கு எழுதறேன்!"

மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும் தாயே. அவங்களே எடுத்துக்கட்டும். இதோ, ஜெயிச்சிடுவோம்னு அவங்க நேத்தே கொடுத்த லீவு விண்ணப்பம். செக்‌ஷன் உங்களுது. நீங்க கையெழுத்துப் போட்டா சரி."

மேடம் தரைத்தளத்துக்கு இறங்கி வந்தார். சேதி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. டைப்பிஸ்ட் எழுந்து கைதட்டினாள். "மேனேஜரையே மடக்கிட்டீங்களாமே!"

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று உட்கார்ந்தவர், மேஜையைத் துழாவினார். கண்ணாடி மேனேஜர் அறையிலேயே இருந்துவிட்டது. வேகத்தில் விண்ணப்பத்தையும் விட்டுவிட்டு வந்திருந்தார்.

பெல்லை அழுத்தினார்.

அட்டெண்டர் அக்கா முழங்காலைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"ஜெயிச்சிட்டீங்கக்கா! லீவு உங்களுக்குத்தான்!"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் மேடம். ஒரு நிமிஷம், பொண்ணுக்குச் சொல்லிட்டு வந்துடறேன்."

"சொல்லலாம், சொல்லலாம். முதல்ல மேனேஜர் மேஜையில என் கண்ணாடியும் உங்க விண்ணப்பமும் இருக்கு, எடுத்துட்டு வாங்க."

மூன்று மாடி. அக்கா திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பேனாவைத் திறந்து, விண்ணப்பத்தைப் படித்தார்.

"அடுத்த திங்கள்லேர்ந்தா?"

"ஆமா மேடம். புதன்கிழமைக்குத்தான் நாள் குறிச்சிருக்காங்க."

மேடம் பேனாவை மூடினார்.

"வேற வாரம் பார்க்கலாமேக்கா. நீங்க பாட்டுக்குப் போயிட்டா, நான் பெல் அடிச்சா யார் வருவா?"