மூன்றாம் தளத்தில் கைவரிசை

ஒரு வாரமாகவே அந்த வெள்ளைக் காரின் மேல் கதிரேசனுக்கு ஒரு கண்.

தேக்கா பக்கத்து அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் தளம். தூணுக்குப் பின்னால், கேமராவுக்கு எட்டாத மூலை. வண்டி யாருடையது என்று தெரியாது. காலையில் யாரும் எடுப்பதில்லை என்பது மட்டும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது அவர் மனைவி பஞ்சவர்ணத்தின் நீலக் காரோடு கூடப் பிறந்தது. அதே கம்பெனி, அதே மாடல், கிட்டத்தட்ட அதே வயது. சிங்கப்பூரைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் இப்படி ஒரு ஜோடி அமையாது.

செவ்வாய்க்கிழமை காலை, ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கையுறையும் பையுமாக அங்கே வந்து இறங்கினார் கதிரேசன். செவ்வாய் வெறுவாய் என்று மனசு முணுமுணுத்தது. ஆனால் நாளைக்குப் பஞ்சவர்ணத்தின் வண்டிக்கு இன்ஸ்பெக்‌ஷன். இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

ஐம்பது வயதைத் தாண்டி, கோயில் கமிட்டியில் பொருளாளராகவும் இருந்துகொண்டு, ஊரான் வண்டியில் கை வைக்கும் நிலைமை வந்துவிட்டதே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார்.

கைப்பேசி அதிர்ந்தது. மனைவிதான்.

“எங்க இருக்கீங்க?”

“ஆபீஸ்லதான் பஞ்சு.”

“என் வண்டியில கை வைக்கலயே?”

“சத்தியமா உன் வண்டிப் பக்கமே போகல.”

அன்று காலை அவர் சொன்னதிலேயே உண்மை அது ஒன்றுதான்.

“சாயங்காலம் நான் வந்து பக்கத்துல நின்னப்புறம்தான் தொடணும். லைட்டு ரெண்டும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு, இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸாகாது, வொர்க்‌ஷாப்ல குடுங்கன்னா கேக்க மாட்டேங்கிறீங்க. நீங்க ஸ்க்ரூடிரைவர் எடுத்தாலே நான் டெக்னீஷியனுக்குப் போன் எடுக்கணும். இந்தத் தடவை கெட்டுச்சுன்னா உங்க டூல் பாக்ஸ் பழைய சாமான்காரருக்கு. பேச்சு பேச்சுதான்லா!”

போனை வைத்துவிட்டாள். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. கதிரேசன் மாட்டிய காற்றாடி காற்றைத் தவிர எல்லாம் கொடுத்தது. அவர் சரிசெய்த குழாய் கீழ்வீட்டுக்காரர்களுக்கு மழை பெய்வித்தது. ஆனாலும் அந்த டூல் பாக்ஸ் அவருடைய மானம். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வெள்ளைக் காரின் முன்னால் மண்டியிட்டார். பையைத் திறந்தார். வெளியே வந்தது ஸ்பேனர் அல்ல, உப்புத்தாள்.

அவர் திருட வரவில்லை. பழக வந்திருந்தார். அந்த வண்டியின் விளக்குகளும் அதே மஞ்சள், அதே மங்கல். தேய்த்துப் பார்ப்பது, பாழானால் ஓசைப்படாமல் நழுவிவிடுவது, பலித்தால் அந்தக் கையோடு சாயங்காலம் வித்தையைக் காட்டுவது. இதுதான் திட்டம். முடிவெட்டப் பழகுகிறவன் முதலில் தன் தலையிலா கை வைப்பான்?

பெயின்ட்டில் கீறல் விழாமலிருக்க விளக்கைச் சுற்றி டேப் ஒட்டினார். தண்ணீர் தெளித்து, சொரசொரப்பான தாளால் தேய்த்தார். பால் போல வழிந்தது. விளக்கு தெளிவதற்குப் பதிலாகக் கண்புரை விழுந்ததுபோல் வெளுத்துப்போனது. ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. பயப்பட வேண்டாம் என்று, விளக்குத் தேய்க்கக் கற்றுக்கொடுத்த வீடியோவில் சொன்ன மகராசனை நம்பி, அதைவிட நைசான தாள், அதைவிட நைசானது என்று மாற்றி மாற்றித் தேய்த்தார். கடைசியில் பாலிஷைத் தடவித் துணியால் துடைத்தார்.

உள்ளே இருந்த பல்பு பளிச்சென்று அவரைப் பார்த்தது.

கதிரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவர் கை வைத்து உருப்பட்ட முதல் பொருள்! வண்டியை ஒற்றைக் கண்ணோடு விட்டுப் போக மனசு வரவில்லை. இன்னொரு விளக்கையும் தேய்த்து முடித்துவிட்டு ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் குரல் கேட்டது.

“யாருப்பா அது? என் வண்டிகிட்ட என்ன வேல?”

மேல் தளத்திலிருந்து சரிவுப் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தார் ஒரு பெரியவர். அறுபத்தைந்து வயதிருக்கும். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். கட்டை ஏதும் இருக்குமோ என்று கதிரேசன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். போலீஸ், கோயில் கமிட்டி, பஞ்சவர்ணம் என்று மூன்று முகங்களும் வரிசையாகக் கண்ணில் வந்தன. மூன்றாவதுதான் பயங்கரமாக இருந்தது.

“அண்ணே, போலீசுக்கு மட்டும் சொல்லிடாதீங்க!” என்று கையெடுத்துக் கும்பிட்டு, வயிற்றுவலியிலிருந்து டூல் பாக்ஸ்வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். “வைஃப் வண்டியைக் கெடுத்துடக் கூடாதேன்னுதான் உங்க வண்டியில பழகிப் பாத்தேன். தப்புதான்ணே. ஆனா நல்லா வந்திருச்சு, நீங்களே பாருங்க.”

பெரியவர் குனிந்து பார்த்தார். ஒரு விளக்கைப் பார்த்தார், மற்றதையும் பார்த்தார். திட்டவில்லை. முகம்தான் ஏனோ வெளிறிப்போனது.

“தம்பி வண்டி எந்த மாடியில நிக்குது?”

“இங்கதான்ணே, ஆறாவது மாடியில.”

“நீலக் கலரா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பெரியவர் மெல்லக் கைகளை முன்னால் கொண்டுவந்தார். ஒரு கையில் டேப். இன்னொரு கையில், பாலாகச் சொட்டிக்கொண்டிருந்த உப்புத்தாள்.

“எனக்கும் அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் தம்பி... ஆனா, உங்க அளவுக்கு எனக்கு நல்லா வரல.”