கத்தி படாத புத்தகம்

"கத்தியைக் கீழ போடுடி!"

வீரராகவன் போட்ட கூச்சலில் அந்த முகப்பேர் ஹவுசிங் போர்டு பிளாக்கே அதிர்ந்தது. வேலைக்காரி பேபியின் கையிலிருந்த காய் நறுக்கும் கத்தி 'ணங்'கென்று தரையில் விழுந்தது.

ஹாலில் உட்கார்ந்திருந்த குணசேகரன் பதறியடித்து உள்ளே ஓடிவந்தார். கணிதக் கழகத்தின் செயலாளர் அவர். ஞாயிற்றுக்கிழமை விழாவில் வீரராகவனுக்குத் தரப்போகும் பட்டத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இந்தக் கூத்து!

"பாருங்க சார், அறுத்துட்டா! உங்களுக்குக் காட்டலாம்னு எடுக்க வந்தா, அறுத்து வச்சிருக்கா!"

வீரராகவன் தூக்கிக் காட்டியது ஒரு தடித்த பழம்புத்தகம். ஜெர்மனியில் ஆயிரத்தெண்ணூற்று நாற்பதுகளில் அச்சான கணக்குப் பத்திரிகை. கணக்குக்கென்றே ஆதியில் புறப்பட்ட பத்திரிகைகளில் ஒன்று. அதை ஆராய்ந்து அவர் எழுதிய நூலுக்குத்தான் பட்டமே.

"ஒரு வரி விடாம முப்பது வருஷம் கையில வச்சுப் படிச்ச பிரதி சார் இது. இதுக்காகவே ஜெர்மன் கத்துக்கிட்டேன். இந்தத் தற்குறிக்கு என்ன தெரியும்?"

"நல்லதுன்னுதான் சார் பண்ணேன். பாவம், ஓரம் வெட்டாமயே குட்த்துட்டானுங்கன்னு..."

"வாயை மூடு! போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கறேன். இந்த பிளாக்குல இனிமே ஒரு வீட்டுப் படி நீ ஏற முடியாது, பார்!"

மனுஷன் சொன்னால் செய்கிற ஜாதி. பேபி அழ ஆரம்பித்தாள். அம்பத்தூரில் அவள் வேலை பார்த்த நோட்டுப் புத்தகக் கம்பெனியை மூடிய பிறகு, இந்த பிளாக்கின் நாலு வீடுகள்தான் அவளுக்குச் சோறு போட்டன.

"விடுங்க சார், எழுத்து ஒண்ணும் போகலையே. ஓரம்தானே?" என்றார் குணசேகரன்.

"ஓரம்தானேவா? நல்லா கேட்டீங்க! அதோட மதிப்பே அதுலதான் சார். அச்சாபீஸ்ல பெரிய தாளை மடிச்சுத் தச்ச மடிப்பு பிரியாம, நூத்தம்பது வருஷத்துக்கு மேல கத்தியே படாத பிரதி. முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும், ஒரு மடிப்பு பாக்கியில்லாம அறுத்துத் தொலைச்சிருக்கா பாவி!"

பேபியின் அழுகை சட்டென்று நின்றது. ஆறு வருஷம் நோட்டு மடித்துத் தைத்து ஓரம் வெட்டிய கை அது. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓரம் வெட்டலன்னா உள்பக்கம் தெறக்கவே தெறக்காது சார். நான் இப்பத்தான அறுத்தேன்?"

"அதுக்கு?"

"இத்தினி வருசமா நீ இத எப்டி சார் படிச்ச?"