பொது நிரலில் ஒரு பெயர்

அவனியாபுரம் அலுவலகத்தின் மூன்று மென்பொருள்களும் எடுத்துக்கொள்ளும் பொது நிரலை ரோகிணிதான் எழுதினாள். விபத்தில் அவள் இறந்த மறுவாரம், உடன் வேலைபார்த்த சூரியபிரகாஷ் அதில் அவள் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டான். பதவி உயர்வும் கிடைத்தது.

திங்கட்கிழமை, பக்கத்து இருக்கை அல் அமீன் சிரித்தான். "மாப்ள, ஆஸ்பத்திரி டோக்கன் புராஜெக்ட்ல ஒம் பேரக் காணோம். ரோகிணி பேருதான் இருக்கு. மாத்துன தேதி இன்னைக்கு."

"பழைய காப்பிய எடுத்திருப்படா."

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட மென்பொருளிலும் அவன் பெயர் போயிருந்தது. மூன்றில் மிச்சமிருந்தது அலுவலக வருகைப்பதிவு மென்பொருள்.

புதன்கிழமை காலை வாசல் இயந்திரத்தில் விரலை வைத்தான். அப்படி ஒருவர் இல்லை என்றது திரை. கண்ணாடிக் கதவைத் தட்டினான். யாரும் திரும்பவில்லை. உள்ளே, அவனுடைய நாற்காலியைப் பார்த்து அல் அமீன் கேட்டான்: "டீ சொல்லவா, ரோகிணி?"