போயிட்டு வரேன்

“‘இரு’ன்னு சொல்லு. திரும்பு. நட. அவ்வளவுதான். இதுல எங்கே வந்துது ‘போயிட்டு வரேன்’?”

மொட்டைமாடியே அதிரும்படி அண்ணன் கத்தினான். தங்கச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். படுத்திருக்க வேண்டிய வாலு எழுந்து ஓடிவந்து அவள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வாலு என்பது நாயின் பெயர். தான் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்க்கில் கிடைத்தது என்று தங்கச்சி போன வருஷம் தூக்கிவந்த குட்டி.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்களையே தேற்றி அனுப்புகிறவன், நாயை விட்டுவைப்பானா? பிளாஸ்டிக் குழாயை அறுத்துத் தாண்டுவதற்குத் தடை கட்டினான். பழைய டிரம்மின் அடியை வெட்டிக் குகை செய்தான். வாலு தாண்டியது, நுழைந்தது, வரிசையாக நட்ட கம்பிகளுக்குள் வளைந்து வளைந்து ஓடியது.

“நாய் வாலை நிமிர்த்த முடியாதுன்னு எவன் சொன்னான்? இந்த வாலை நான் நிமிர்த்திட்டேன்” என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவைத்தான்.

அதிலும் ஒரு விஷயத்தில்தான் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. ‘இரு’ என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனால் வாலு அசையாது. மூக்குக்கு நேரே பிஸ்கட்டை வைத்தாலும் சீந்தாது. அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு கிடக்கும்.

“முதல் நாளே பிடிச்சுக்கிச்சு. எல்லாம் சொல்லிக்கொடுக்கிற விதத்துல இருக்கு” என்பான்.

தங்கச்சியிடம்தான் வம்பு. அவள் ‘இரு’வோடு நிறுத்தமாட்டாள். “இருடா, போயிட்டு வரேன்” என்பாள். அந்த ‘வரேன்’ வாலுவின் காதில் ‘வா’ என்று விழும். உடனே எழுந்து வந்துவிடும்.

“அது என்ன உன் மாமியாரா, சொல்லிக்கிட்டுப் போறதுக்கு?”

“சொல்லிட்டுப் போனா என்னண்ணா? போகப் போகப் பழகிக்கும்.”

“நாய் பழகிடுச்சு. உன் வாய்தான் பழகணும்.”

இத்தனை பயிற்சியும் நடக்கவிருந்த நாய்கள் போட்டிக்காக. அதில் நாயோடு களத்தில் இறங்க வேண்டியவள் அவள்தான். பெயர் கொடுத்தது அவள் பெயரில். ஜெயித்தால் வாலு அடுத்த பெரிய போட்டிக்குப் போகலாம். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை மறந்தவன் அண்ணன்.

போட்டி நாளும் வந்தது. வாலு தடைகளைத் தாண்டிய அழகைப் பார்த்து மற்ற நாய்க்காரர்களே கை தட்டினார்கள். குகைக்குள் போனதுதான் தெரியும், அந்தப் பக்கம் வந்து நின்றது. முதலிடம் ஏறக்குறைய கையில் இருந்தது.

கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. நாயைப் படுக்கவைத்துவிட்டு வளர்ப்பவர் ஒரு தட்டிக்குப் பின்னால் போய் மறைய வேண்டும். திரும்பி வரும்வரை நாய் எழக் கூடாது.

வேலிக்கு வெளியே அண்ணன் மந்திரம்போல முணுமுணுத்தான். “இரு. அவ்வளவுதான். இரு. அவ்வளவுதான்.”

தங்கச்சி குனிந்தாள். “இரு” என்றாள். வாலு படுத்தது.

அவள் திரும்பி நடந்தாள். அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தட்டியை நெருங்கியவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். வாலு கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் உடம்பு லேசாக நடுங்கியது.

“போயிட்டு வரேன்டா” என்றாள்.

வாலு துள்ளி எழுந்து ஓடிவந்தது. நடுவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கொடியை இறக்கினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

வண்டி நிறுத்துமிடம் வரை அண்ணன் விறுவிறுவென்று முன்னால் நடந்தான். வந்ததும் கொட்டித் தீர்த்தான்.

“ஒத்தை வார்த்தையோட நிறுத்த முடியாதா உன்னால? அது ஒழுங்காத்தானே படுத்திருந்துது? நான் சொல்லிக்கொடுத்ததை அது மறக்கல. நீதான் கெடுத்தே.”

தங்கச்சி கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வாலுவின் முன் வைத்தாள். இத்தனை நாளும் அவன் பெருமையைக் குலைக்க அவளுக்கு மனசு வந்ததில்லை. இப்போதும் தயங்கினாள்.

“நீ சொல்லிக்கொடுத்தது எல்லாத்தையும் அது அழகாச் செஞ்சுதுண்ணா. தாண்டுச்சு, ஓடுச்சு. உன்னை மாதிரி பழக்க யாராலயும் முடியாது. ஆனா ‘இரு’ மட்டும் நீ சொல்லிக்கொடுத்தது இல்ல.”

“பின்னே வேற யாரு?”

“எங்க பங்க்ல பெட்ரோல் போட வந்த ஒருத்தர். கதவைத் திறந்து இதை இறக்கிவிட்டு, ‘இரு’ன்னு சொல்லிட்டுக் காரை எடுத்தவர், திரும்பி வரவே இல்லண்ணா.”